ஒரே தட்டில் நான்கு பேர்

எத்தியோப்பிய உணவகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன், எது நல்ல கடை என்று யாராவது கேட்டால், கடையைச் சொல்வதற்கு முன் கிழமையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். புதன்கிழமை போங்கள், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை இரவு கூட்டம் நெரியும், பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, அடுப்படியின் கவனமெல்லாம் கறி வறுப்பதில் இருக்கும். புதனும் வெள்ளியும் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் விரத நாட்கள். அன்றைக்கு இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் ஆகாது. சமைக்கிறவரும் பரிமாறுகிறவரும் தாங்களே சாப்பிடப்போகிற பருப்பும் கீரையும் அன்று கொதிக்கும். தெரிந்தவர்கள் வாயில் போட்டுப் பார்த்துக் குறை சொல்வார்கள் என்ற பயத்தோடு சமைத்த சாப்பாட்டுக்கு ஈடே கிடையாது.

அந்த விரதக் கணக்கு சாதாரணமானது அல்ல. வாரம் இரண்டு நாள் போக, ஃபசிக்கா எனும் ஈஸ்டருக்கு முன்பு 55 நாள், கிறிஸ்துமஸுக்கு முன்பு இன்னொரு நீண்ட விரதம், ஆகஸ்டில் மாதாவுக்காக இரண்டு வாரம் என்று கூட்டிக்கொண்டே போனால், குடும்பஸ்தர்களுக்கே ஆண்டில் ஏறத்தாழ 180 நாள் வந்துவிடும். குருமாருக்கும் துறவிகளுக்கும் 250 நாள் வரை போகும். கட்டுப்பாடாக இருப்பவர்கள் பிற்பகல் வரை வாயில் எதுவும் போடுவதில்லை. வருடத்தில் பாதி நாள் கறியும் நெய்யும் இல்லாமல் சாப்பிட்டாக வேண்டிய ஒரு சமூகம், பருப்பைச் சலிக்காமல் சமைக்கக் கற்றுத்தானே ஆக வேண்டும்? என் அமெரிக்க நண்பர்கள், ‘உங்கள் மாமியார் மாதிரி சைவ ஆட்களுக்கும் அங்கே ஏதாவது கிடைக்கும்’ என்று ஆறுதலாகச் சொல்வார்கள். ஆறுதல் தேவைப்படுவது எனக்கென்னவோ கறி தின்பவர்களுக்குத்தான் என்று தோன்றும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விரதமில்லாத நாட்களில் சில கடைகளில் கீரையிலும் பருப்பிலும் ‘நித்தெர் கிபே’ சேர்ப்பது உண்டு. வெண்ணெயை இஞ்சி, பூண்டு, வெங்காயம், ஏலக்காய் வகையறாக்களோடு மெதுவாக உருக்கி வடித்த நெய் அது. நெய் சாப்பிடும் சைவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அதுவும் கூடாதென்பவர்கள் விரதச் சாப்பாடு என்று கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்டாலே பரிமாறுகிறவர்களின் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும்.

நான் இருப்பது மேரிலாந்தில், வாஷிங்டனை ஒட்டி. சில்வர் ஸ்பிரிங்கில் ஜார்ஜியா அவென்யூ, ஃபென்டன் தெரு பக்கம் நடந்தால் அம்ஹாரிக் எழுத்துப் பலகைகள் வரிசையாகக் கண்ணில் படும்: உணவகம், மளிகை, முடிதிருத்தகம், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை. இவர்கள் இங்கே வந்து சேர்ந்தது அரசியலால். 1974இல் பேரரசர் ஹைலி செலாசியை ராணுவம் கவிழ்த்தது. டெர்க் என்ற ராணுவக் குழுவின் ஆட்சி வந்தது. 1977, 78இல் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. படிக்க வந்த மாணவர்கள் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார்கள். சூடான் வழியாகத் தப்பியவர்களுக்கு 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் வழிவிட்டது. 1978இல் ஜார்ஜியா அவென்யூவில் திறந்த ‘மாமா டெஸ்டா’வைத்தான் வாஷிங்டன் நகரின் முதல் எத்தியோப்பிய உணவகம் என்பார்கள். பிறகு ஆடம்ஸ் மார்கனில் 18ஆம் தெரு, வாடகை ஏறியதும் யூ தெருவும் 9ஆம் தெருவும், அங்கும் ஏறியதும் சில்வர் ஸ்பிரிங், வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா என்று கடைகள் நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

9ஆம் தெருப் பகுதிக்கு ‘லிட்டில் எத்தியோப்பியா’ என்று பெயர் சூட்ட 2005 வாக்கில் ஒரு முயற்சி நடந்தது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் வளர்ந்த பேட்டை, ‘கறுப்பர்களின் பிராட்வே’ என்று பெயரெடுத்த தெரு. அதற்கு நேற்று வந்தவர்கள் பெயர் வைப்பதா என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தத் தகராறெல்லாம் இல்லாமல் 2002இலேயே ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவின் ஒரு துண்டுக்கு அந்தப் பெயர் கிடைத்துவிட்டது.

இந்த ஊரில் டாக்சி ஏறும் இந்தியர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. ஓட்டுநர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘என் கணக்கு வாத்தியார் இந்தியர்’ என்று ஆரம்பிப்பார். செலாசி காலத்திலும் அதற்குப் பின்னும் எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பெரும்பாலும் மலையாளிகள், நம் ஆட்களும் உண்டு. வாத்தியார் அடித்த அடியைப் பற்றியும் சொல்வார்கள், நன்றியோடு.

கடைக்குள் நுழைந்தால் சுவரில் லாலிபெலாவின் பாறைக் கோயில், அக்சூம் தூண், கூடவே ‘13 மாத வெயில்’ என்று ஒரு பழைய சுற்றுலாச் சுவரொட்டி. அவர்கள் நாட்காட்டியில் முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், மிச்சமிருக்கும் ஐந்தாறு நாளுக்குத் தனியாகப் பதின்மூன்றாவது மாதம். மெனுவில் எங்காவது ஓர் ஓரத்தில் ஸ்பகெட்டி இருக்கும். 1896இல் அத்வாவில் இத்தாலியரை ஓட ஓட விரட்டியவர்கள், 1936 முதல் 1941 வரை அவர்களுடைய ஆக்கிரமிப்பில் இருந்தார்கள். போனவர்கள் ஸ்பகெட்டியையும் மாக்கியாட்டோ காபியையும் விட்டுவிட்டுப் போனார்கள். அதை யாரும் இங்கே வந்து கேட்பதை நான் பார்த்ததில்லை, எத்தியோப்பியக் குழந்தைகளைத் தவிர.

இனி இன்ஜெரா, எத்தியோப்பியர்களின் அன்றாட அப்பம். முதல் தடவை கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ‘நம் தோசை மாதிரிதான்’ என்று தைரியம் சொல்வார்கள். அந்தத் தைரியத்தோடு உட்கார்ந்தவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள். புளிப்பின் அளவு வேறு, ஈரம் வேறு, முறுகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெஃப் என்ற தானியத்தின் மாவு அது. ஒரு கோதுமை மணியின் எடைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தெஃப் மணிகள் வேண்டும். கை நழுவினால் மண்ணிலிருந்து பொறுக்க முடியாது. வெள்ளை, சிவப்பு என்று நிறம் உண்டு. வெள்ளைக்கு விலையும் அந்தஸ்தும் அதிகம். ருசி என்னைக் கேட்டால் சிவப்பில்தான்.

மாவைக் கரைத்து, போன தடவைக் கரைசலில் எடுத்துவைத்த ‘எர்ஷோ’ என்ற மஞ்சள் நீரை ஊற்றி இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடி மாவில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆற்றி, மறுபடி மாவிலேயே கலக்கிறார்கள். ‘அப்சித்’ என்ற இந்தக் கூழ்தான் சூட்சுமம். தெஃப்பில் பசைப் புரதம் கிடையாது. காற்றைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டுமே, அதைக் கூழ் செய்கிறது. மாவு மறுபடி பொங்கியதும் ‘மிதாத்’ என்ற பெரிய கல்லில், மண்ணாலானதோ மின்சாரத்தில் ஓடுவதோ, விளிம்பில் ஆரம்பித்து நடு நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறார்கள். நம் கரண்டி நடுவிலிருந்து வெளியே போகும். இங்கே வெளியிலிருந்து உள்ளே. மேல்பரப்பில் துளைகள் படபடவென்று திறந்ததும் மூடி போட்டு ஆவியில் வேகவிடுகிறார்கள். திருப்பிப் போடுவது கிடையாது. புல்லால் பின்னிய தட்டையான முறத்தில் வழுக்கி எடுத்து ஆறவைப்பார்கள். சுடச்சுடச் சாப்பிடும் பண்டம் அல்ல இது. ஆறிய பிறகுதான் அதற்கு அந்தத் துணி போன்ற மடிப்பு வரும்.

வாஷிங்டன் கடைகள் பலவற்றில் கிடைப்பது முழுத் தெஃப் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெஃப் விலை அதிகம். கோதுமை, பார்லி மாவு கலப்பார்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் வாய்ப் பேச்சை நம்பாமல் முன்னதாகவே சொல்லிவைத்து முழுத் தெஃப் இன்ஜெரா வாங்க வேண்டும். தானிய விலை உள்ளூரில் எகிறாமல் இருக்க 2006இல் எத்தியோப்பிய அரசு தெஃப் ஏற்றுமதியைத் தடை செய்தது. பிற்பாடு கொஞ்சம் தளர்த்தியது. சுட்ட இன்ஜெராவுக்குத் தடையில்லை என்பதால் அடிஸ் அபாபாவில் சுட்டதே விமானம் ஏறி வந்து இங்கே மளிகைக் கடையில் பாக்கெட்டில் தொங்குகிறது. அமெரிக்காவிலும் ஐடஹோ மாநிலத்தில் 1980களிலிருந்து தெஃப் விளைவிக்கிறார்கள். இடையில் நெதர்லாந்து நிறுவனம் ஒன்று தெஃப் மாவுப் பக்குவத்துக்கு ஐரோப்பியக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. 2018இல் ஹேக் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் நடந்ததைச் செய்தித்தாளில் படித்த நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

கறிகளில் அதிக நேரம் நிற்க மாட்டேன், ஒன்றைத் தவிர. மிசிர் வொத் என்பது மைசூர்ப் பருப்பைப் பெர்பெரே என்ற மசாலாவில் குழைய வேகவைத்தது. கிக் அலிச்சா, பட்டாணிப் பருப்பும் மஞ்சளும் போட்ட காரமில்லாத வகை. ஷிரோ, வறுத்த கொண்டைக்கடலை மாவைக் கொதிக்கவிட்டது. மண் சட்டியில் கொப்பளித்துக்கொண்டே மேசைக்கு வரும். கொமென் என்ற கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸும் கேரட்டும். பெர்பெரே மசாலாவில் மிளகாய், பூண்டு, இஞ்சியோடு வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், அந்த ஊர்ப் பெரிய ஏலக்காய் எல்லாம் இருக்கின்றன. நம் அஞ்சறைப் பெட்டியின் பாதி அதில் அடக்கம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வரும் ‘பெயாய்னெட்டு’ தட்டைக் கேட்டால் போதும்.

நிற்க வேண்டிய ஒன்று டோரோ வொத். நான் தூத்துக்குடிக்காரி, வாக்கப்பட்டது திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில். ஆகவே இதை வீட்டில் பேசுவதைவிட இங்கே எழுதுவது சௌகரியம். கோழிக் குழம்புதான். ஆனால் கோழியைவிட வெங்காயம்தான் அதில் முக்கியம். மலையாகப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயே இல்லாமல் வெறும் பாத்திரத்தில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் நீர் வற்றி, நிறம் மாறி, வெங்காயம் என்ற அடையாளமே போன பிறகுதான் நெய்யும் பெர்பெரேயும் சேரும். மணிக்கணக்கில் ஆகிற வேலை. மரபுப்படி கோழியை 12 துண்டாக வெட்டி, அவித்த முட்டைகளைக் கடைசியில் கீறிப் போடுகிறார்கள். 55 நாள் விரதம் முடிந்து ஃபசிக்கா அன்று சாப்பிடுகிற குழம்பு இது. அவசரமாகச் செய்த டோரோ வொத்தை நாக்கில் வைத்ததும் கண்டுபிடித்துவிடலாம். மிளகாய்த்தூளின் பச்சை வாசம் தொண்டையில் நிற்கும். ஒரு கடையை நல்ல கடையா என்று தீர்மானிக்க எனக்கு வேறு அளவுகோல் கிடையாது.

ருசி ஒரு விஷயமே அல்ல, அது பத்து நிமிடத்தில் பழகிவிடும். தமிழர்களுக்கு எத்தியோப்பியச் சாப்பாட்டில் உண்மையில் இடறுவது தட்டு. ஒரு பெரிய வட்டத் தட்டு, அதன் மேல் விரித்த இன்ஜெரா, அதன் மேல் கூறு கூறாகக் கறிகள். நான்கு பேர் வந்தாலும் தட்டு ஒன்றுதான்.

என் மாமியார் இங்கே வந்திருந்தபோது ஒரு புதன்கிழமை மாலை நானும் என் வீட்டுக்காரரும் அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். கூடவே என் அலுவலகத் தோழி, எத்தியோப்பியாவின் கோண்டாரில் பிறந்து பதின்வயதில் இங்கே வந்தவர். அத்தை வீட்டில் எச்சில் என்பது ஒரு சட்டப் புத்தகம். குடம், செம்பு, டம்ளர் எதையும் உதடு தொடாது, அண்ணாந்துதான் தண்ணீர். சாப்பிடுகிறவர் தட்டில் கரண்டி பட்டால் அந்தக் கரண்டி கழுவப் போக வேண்டும். பேரன் கடித்த முறுக்கைக்கூடப் பேரனே தின்று முடிக்க வேண்டும். தட்டு வந்து இறங்கியதும் அத்தை அதைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

“ஏம்மா, தனித்தட்டு தரமாட்டார்களா?”

“கேட்டால் தருவார்கள், அத்தை. கேட்கட்டுமா?”

“இரு” என்றார். உடனே சாப்பிட ஆரம்பிக்கவில்லை. பக்கத்து மேசையில் ஓர் எத்தியோப்பியக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அத்தையின் கண் அங்கே போய்விட்டது. அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவரே.

அவர் பார்த்ததை நானும் அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். வலது கை மட்டும் வேலை செய்கிறது. சுருட்டி வைத்த இன்ஜெராவிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிள்ளுகிறார்கள். அந்தத் துண்டைக் கறியின் மேல் போர்த்தி, மூன்று விரலால் கவ்வி, ஒரு சின்னப் பொட்டலமாக எடுக்கிறார்கள். விரல் கறியைத் தொடுவதில்லை. பொட்டலம் வாய்க்குள் போகும்போது விரல் உதட்டில் படுவதில்லை. விரலை நக்குவது என்பது படுமோசமான பழக்கம். அவரவருக்கு முன்னால் இருக்கும் பகுதியிலிருந்துதான் எடுப்பார்கள், எட்டிக் கை நீட்டுவதில்லை. கையால் சாப்பிடுவதில் நமக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நம் மிதப்பு இங்கே செல்லாது. நம் கை பிசைந்து பழகிய கை. ரசஞ்சோற்றை வழித்து, முழங்கை வரை ஓடியதைத் துடைத்துப் பழகியது. என் வீட்டுக்காரர் தன் பங்கு கீரையைப் பருப்போடு சேர்த்து விரலால் பிசைய ஆரம்பித்ததும் தோழி நாகரிகமாகத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அத்தை தீர்ப்புச் சொன்னார்: “இவர்களும் பார்த்துத்தான் சாப்பிடுகிறார்கள்.” பிறகு அவர் சாப்பிட்டதைப் பார்த்திருந்தால், சில்வர் ஸ்பிரிங்கிலேயே பிறந்தவர் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டார் மூவரில் விரல் காய்ந்திருந்தது அவருக்கு மட்டும்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை, ஏனென்றால் குர்ஷா என்று ஒன்று இருக்கிறது. மரியாதைக்குரியவருக்கோ பிரியமானவருக்கோ, தானே ஒரு பெரிய கவளமாகச் சுருட்டி அவர் வாயில் ஊட்டுவது. மறுப்பது மரியாதை ஆகாது. மேசையில் வயதில் மூத்தவர் அத்தை. தோழி நல்ல பெரிதாக ஒன்றைச் சுருட்டி நீட்டினார். அத்தை, கோயிலில் பிரசாதம் வாங்குவது போல வலது உள்ளங்கையை ஏந்தினார். தோழி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, வாயைக் காட்டினார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை ஒரு கணம் யோசித்தார். பிறகு, அறுபது வருடமாகச் செம்பிலிருந்து தண்ணீர் குடிக்கிற அதே முறையில், தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து வாயைத் திறந்தார். தோழி மேலிருந்து போட்டார். உதடும் விரலும் படாமல் குர்ஷா நடந்தேறியது. எத்தியோப்பிய வரலாற்றில் இப்படி ஒன்று நடந்திருக்காது என்று தோழி இன்றுவரை அலுவலகத்தில் எல்லோரிடமும் நடித்துக் காட்டுகிறார்.

ஒரே தட்டு என்றதும் ‘ஆகா, என்ன சமத்துவம்’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு; உணவு பற்றி எழுதுகிறவர்களுக்கு அது கை வந்த வரி. தட்டு ஒன்றுதான், சரி. அதைச் சுற்றி யார் உட்காரலாம் என்பது வேறு கேள்வி. தோழியே சொன்னது: அவர் பாட்டி முஸ்லிம் அண்டை வீட்டாரோடு உயிருக்குயிராகப் பழகியவர், ஆனால் அங்கே கறி தொட மாட்டார், அவர்களும் இவர் வீட்டுக் கறியைத் தொட மாட்டார்கள். அறுப்பவர் என்ன சொல்லி அறுக்கிறார் என்பது இரு பக்கத்துக்கும் முக்கியம். அடிஸ் அபாபாவின் இறைச்சிக் கடைகளில் சிலுவையோ பிறையோ போட்டிருப்பது இதற்காகத்தான். கல்யாண வீடுகளில் முஸ்லிம் விருந்தாளிகளுக்குத் தனிச் சமையல் நடக்கும். இதையாவது மத வேறுபாடு என்று சொல்லிக்கொள்ளலாம். கொல்லர், குயவர், தோல் பதனிடுவோர் போன்ற கைவினைக் குடிகளோடு மற்றவர்கள் சேர்ந்து உண்ணாத வழக்கம் அந்நாட்டின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. தென்மேற்கே, காபியின் தாயகம் என்று கொண்டாடப்படும் கஃபா பகுதியில், மஞ்ஜோ மக்களை மற்றவர்கள் வீட்டுக்குள் விடாததும் உடன் உண்ணாததும் ஆய்வாளர்கள் பதிவு செய்த செய்திகள்.

இதைப் படிக்கும் தமிழருக்கு விளக்கம் தேவையிருக்காது. டீக்கடையில் இரண்டு வகைக் குவளை வைத்திருந்த ஊர்க்காரர்கள் நாம். ஹோட்டல் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் சென்னையில் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தனித்தனி இலை போட்டு நாம் செய்ததை, ஒரே தட்டு போட்டும் செய்யலாம் என்பதுதான் எனக்குப் புதிய செய்தி. யாரையும் கேட்காமல் காசு கொடுத்தவரை உட்காரவைக்கிற உணவகம் என்ற வியாபாரம், இரண்டு ஊர்களிலும் சாஸ்திரங்களால் முடியாததைச் செய்திருக்கிறது. அத்தையும் தோழியும் ஒரே தட்டில் கைவைத்தது சில்வர் ஸ்பிரிங்கில், ஒரு கடையில், பில் வருகிற இடத்தில். தோழியின் பாட்டி வீட்டிலோ அத்தையின் மாமியார் வீட்டிலோ அது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

சமீபத்தில் சில புதுக் கடைகளில் ஆளுக்கொரு கிண்ணம் தருகிறார்கள். அடியில் சோறு, மேலே மிசிர், ஓரத்தில் கொடி போலச் சொருகிய ஒரு முக்கோண இன்ஜெரா, கூடவே முள்கரண்டி. அவசரத்துக்குச் சரி. எச்சில் பயம் உள்ளவர்களுக்கு இதுவே தேவலை என்று தோன்றலாம். அத்தையிடம் காட்டினேன், “இதற்கு வீட்டிலேயே சாப்பிடலாமே” என்றார்.

காபிக்கு நேரம் வைத்துக்கொண்டு போங்கள். கேட்டால் ஒரு கோப்பை கொடுத்துவிடுவார்கள், அது வேறு. முழுச் சடங்காக வேண்டுமென்றால் முன்னதாகச் சொல்ல வேண்டும். பச்சைக் கொட்டையைக் கழுவி, கண் முன்னால் வாணலியில் வறுத்து, புகை கிளம்பும் வாணலியை ஒவ்வொருவர் முகத்துக்கு அருகிலும் கொண்டுவந்து காட்டுவார்கள். கையால் புகையை இழுத்து முகர வேண்டும். பிறகு இடித்து, ‘ஜெபெனா’ என்ற நீளக் கழுத்து மண் கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல ஊற்றுவார்கள். ஓரத்தில் சாம்பிராணி, கொறிக்கச் சோளப்பொரி. ஒரே தூளில் மூன்று தடவை: அபோல், தோனா, பரக்கா. மூன்றாவது சுற்று நீர்த்துப்போய்த்தான் இருக்கும். அதற்காக இரண்டாவதிலேயே எழுந்துவிடக் கூடாது. ஊர்க்கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பாலும் சிக்கரியும் இல்லாத காபியை அத்தை மருந்து என்றார், ஆனால் மூன்று சுற்றும் குடித்தார்.

கடைசியாகத் தட்டில் மிஞ்சுவது அடியில் விரித்த இன்ஜெரா. எல்லாக் கறியின் சாறும் இறங்கி ஊறிக் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை வாழையிலை போல நினைத்து மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பார்க்கவே வயிறு எரியும். சாப்பாட்டிலேயே ருசியான இடம் அதுதான். வயிற்றில் அதற்கு இடம் வைத்துக்கொள்ள வேண்டும். கை படாத இன்ஜெராச் சுருள் மிஞ்சினால் கட்டித் தருவார்கள், வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் வீடுகளில் மறுநாள் காலை அதைப் பிய்த்து, வெங்காயமும் பெர்பெரேயும் வதக்கியதில் புரட்டி ‘ஃபிர்ஃபிர்’ செய்வார்கள்.

அன்று எங்களுக்கும் நாலைந்து சுருள் மிஞ்சியது. வியாழக்கிழமை காலை நான் எழுந்து வருவதற்குள் அத்தை அதை உதிர்த்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு இறக்கியிருந்தார். தோழிக்கு என்று ஒரு டப்பாவில் தனியாக எடுத்தும் வைத்திருந்தார், யாரும் தொடுவதற்கு முன்பு. மதியம் அலுவலகத்தில் தோழி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். பெர்பெரே போதாது, அந்த இலை அதிகம் என்று அத்தையிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அடுத்த தடவை அவளே வந்து செய்து காட்டட்டும் என்று பதில் வந்தது.